கணிப்பில் பட்டறையின் பங்கு: மில்லிமீட்டர் அலை வெற்றிடக் குழாய்களும் ஒரகடம் வட்டாரமும்

கேள்வி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் வரை நீளும் தொழில் வட்டாரத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் இயங்கத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் என்று வாகன ஆலைகள் வரிசையாக எழுந்தன. இவற்றைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நிலம், கூலி, வேலைவாய்ப்பு, முதலீடு ஆகியவற்றையே ஆராய்கின்றன, அது நியாயமும்கூட. ஆனால் இவ்வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் இன்னொரு செல்வம் அந்த விவாதங்களில் இடம்பெறுவதில்லை. சில மைக்ரான் பிசகுக்குள் உலோகத்தை வெட்டவும், வெட்டியதை அளக்கவும் தெரிந்த அறிவு அது. அந்த அறிவுக்கும் உயர்நிலைக் கணினிக் கணிப்புக்கும் என்ன உறவு என்பதை, குறுகிய ஆனால் கடினமான ஒரு துறையை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மில்லிமீட்டர் அலைகளைப் பெருக்கும் வெற்றிடக் குழாய்களின் உள்ளே அலையின் வேகத்தைத் தாழ்த்தும் உலோகப் பாதை ஒன்று உண்டு. அதை மெதுவலைக் கட்டமைப்பு என்போம். இன்று உலகெங்கும் இது முதலில் கணினியில்தான் உருவாகிறது. அந்தக் கணிப்பு தன்னளவில் முழுமையானதா? முழுமையானது என்றால், பட்டறையின் வேலை வரைபடத்தில் உள்ளதை வெட்டித் தருவதோடு முடிகிறது. அதை எந்த நாட்டிலும் செய்துகொள்ளலாம். முழுமையற்றது என்றால், பட்டறை கணிப்பின் உள்ளேயே ஒரு பங்காளி ஆகிறது. என் முடிவு இரண்டாவது. கணினியின் திறன் போதவில்லை என்பது இதற்குக் காரணமன்று. கணிப்புக்கு வேண்டிய சில எண்கள் உலோகத்தை வெட்டிய பிறகே பிறக்கின்றன என்பதே காரணம்.

கட்டமைப்பு செய்யும் வேலை

20,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 27 விழுக்காட்டு வேகத்தில் ஓடும். மின்காந்த அலையோ வெளியில் ஒளி வேகத்தில் செல்லும். இரண்டும் நெடுநேரம் உடன் ஓடினால்தான் எலக்ட்ரான்களின் ஆற்றல் அலைக்கு மாறும். ஆகவே அலையைத் தாமதப்படுத்த வேண்டும். குறைந்த அதிர்வெண்களில் இதற்குக் கம்பிச் சுருள் போதும். சுருளின் வழியே அலை சுற்றிச் சுற்றி வருவதால், நேர்க்கோட்டில் பார்த்தால் மெதுவாக நகர்கிறது. எலக்ட்ரான் கற்றை சுருளின் நடுவே செல்கிறது. இதுவே ஓடலைக் குழாய். பொறியாளர் வழக்கில் டி.டபிள்யூ.டி. நெடுங்காலமாகச் செயற்கைக்கோள் ஒளிபரப்பும் ராடாரும் இதையே நம்பி வந்திருக்கின்றன.

அதிர்வெண் உயர்ந்து அலைநீளம் மில்லிமீட்டர்களுக்குச் சுருங்கும்போது சுருளும் அதே விகிதத்தில் சுருங்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு நுண்ணிய கம்பியால் வெப்பத்தை வெளியேற்ற இயலாது. அதனால் 94 கிகாஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் மடிப்பு வேவ்கைடு பயன்படுகிறது. செவ்வகக் குறுக்குவெட்டுள்ள ஒரு பாதையைச் செப்புக் கட்டிக்குள் பாம்பைப் போல் வளைத்து வளைத்து வெட்டி, எல்லா வளைவுகளையும் ஊடுருவிச் செல்லும் நேரான துளையொன்றைக் கற்றைக்காக அமைப்பார்கள். இக்கட்டுரையின் கணக்குகளுக்காக நான் எடுத்துக்கொள்ளும் மாதிரிக் குழாயின் அளவுகள் இவை: 94 கிகாஹெர்ட்ஸ், 20,000 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் கற்றை, செவ்வகத்தின் அகலப் பக்கம் 1.9 மில்லிமீட்டர், குறுகிய பக்கம் 0.3 மில்லிமீட்டர், கற்றைத் துளை 0.4 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உடையது. வெளியில் 3.2 மில்லிமீட்டராக இருக்கும் அலைநீளம் இந்தக் கற்றையின் வேகத்துக்கு இணையும்போது 0.87 மில்லிமீட்டர் ஆகிறது. கற்றையின் ஆரம் 0.12 மில்லிமீட்டர் என்றால், சதுரச் சென்டிமீட்டருக்கு 200 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் அந்தத் துளைக்குள் செல்கிறது. துளையின் சுவருக்கும் கற்றைக்கும் இடைவெளி 80 மைக்ரான். துளை ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலும் மறுமுனையில் 50 மைக்ரான் விலகிவிடும். இந்த அளவுகளை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் வாதம் எளிதாகும்.

பட்டறை முந்திய காலம்

ஓடலைக் குழாயின் வரலாறு கணிப்பிலிருந்து தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ருடால்ஃப் காம்ஃப்னர், கட்டடக் கலை படித்தவர், 1943 வாக்கில் செயல்படும் குழாயை முதலில் செய்துவிட்டார். அதற்கான முறையான கோட்பாட்டைப் போருக்குப் பின் பெல் ஆய்வகத்தில் ஜான் பியர்ஸ் வகுத்தார். அவருடைய நூல் 1950இல் வந்தது. கற்றைக்கும் அலைக்கும் உள்ள பிணைப்பின் வலிமையைப் பியர்ஸ் ஓர் எண்ணாகச் சுருக்கினார். அந்த எண்ணும் குழாயின் நீளம் எத்தனை அலைநீளங்கள் என்பதும் தெரிந்தால் பெருக்கத்தைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். 1953இல் ஆர்னால்ட் நார்ட்சீக் எலக்ட்ரான்களைத் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் ஓட்டத்தையும் எண்முறையில் பின்தொடர்ந்தார். அலை வலுத்து, கற்றை தளர்ந்து, பெருக்கம் தேங்கும் நிலையைக் கணக்கிட அது வழி திறந்தது. இன்றைய நிரல்களின் மூதாதை அந்தக் கணக்கு.

இந்தியாவிலும் இத்துறைக்கு வேர் உண்டு. பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆய்வு நிறுவனமான சீரி, பெங்களூரில் 1984இல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் தொடங்கிய நுண்ணலைக் குழாய் ஆய்வு மேம்பாட்டு மையம், குழாய்களைத் தயாரிக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆகியவை இதன் தூண்கள். சீரியில் விஷ்ணு ஸ்ரீவாஸ்தவா உருவாக்கிய சன்ரே நிரல்கள் சுருள் குழாய்களின் தேக்கநிலைக் கணக்குக்காக எழுதப்பட்டவை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பி. என். பாசு 1996இல் வெளியிட்ட கற்றை–அலை மின்னணுவியல் நூல் இத்துறை மாணவர்களுக்குப் பாடநூலாகவே ஆயிற்று. ஆக, கணிப்பறிவில் நாம் வெறுங்கையோடு இல்லை. ஆனால் சுருள் குழாயிலிருந்து மில்லிமீட்டர் அலைக் குழாய்க்கு நகரும்போது கணிப்புக்கும் பட்டறைக்கும் இடையிலான பழைய வேலைப்பிரிவினை மாறிவிடுகிறது. அந்த மாற்றம் போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்பதே என் குறை.

வலைக்குள் அடங்காத பரப்பு

இன்றைய கணிப்பு இரண்டு படிகளில் நடக்கிறது. முதற்படியில் கட்டமைப்பின் ஒரே ஒரு மடிப்பை எடுத்துக்கொண்டு, அது முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவதாகக் கொண்டு, எந்த அதிர்வெண்ணில் அலை எவ்வளவு வேகத்தில் செல்லும், கற்றையோடு எவ்வளவு வலுவாகப் பிணையும் என்று கண்டறிகிறார்கள். இரண்டாம் படியில் முழுக் குழாயையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, அவற்றினூடே எலக்ட்ரான் துகள்களை ஓடவிட்டு, புலங்களையும் துகள்களையும் மாறி மாறிக் கணக்கிடுகிறார்கள். நம் மாதிரிக் குழாயை 20 மைக்ரான் கட்டங்களாகப் பிரித்தால் ஏறத்தாழ இரண்டரைக் கோடி கட்டங்கள் வரும். ஒவ்வொரு காலப்படியும் ஒரு பிகோ நொடியில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. ஐந்து நானோ நொடி நிகழ்வைப் பார்க்க ஒரு லட்சத்து முப்பதாயிரம் படிகள் வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் பெருங்கணினி கேட்ட இந்த வேலையை இன்று நல்ல கிராஃபிக்ஸ் அட்டை பொருத்திய மேசைக் கணினியே செய்துவிடும். பொறியியல் கல்லூரிகளிலிருந்து இத்துறைக் கட்டுரைகள் பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் 94 கிகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செப்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 0.2 மைக்ரான் ஆழத்துக்குள் மட்டுமே ஓடுகிறது. கட்டத்தின் அளவு 20 மைக்ரான். நிகழ்வின் அளவு அதில் நூறில் ஒரு பங்கு. எனவே வெட்டுக்கருவி பரப்பில் விட்டுச்சென்ற மேடுபள்ளங்களைக் கணினி காண்பதே இல்லை. அதற்குப் பதிலாக ‘இந்தப் பரப்பின் பயனுறு கடத்துதிறன் இவ்வளவு’ என்று ஓர் எண்ணை மனிதர்தான் கொடுக்கிறார். தூய செப்பின் கடத்துதிறன் மீட்டருக்கு 5.8 × 10⁷ சீமென்ஸ். வெளியாகும் வடிவமைப்புகளில் இதில் பாதிக்கும் குறைவான மதிப்பை எடுத்துக்கொள்வது வழக்கம். எந்த அடிப்படையில் பாதி? பெரும்பாலும் முன்னொருவர் எடுத்த மதிப்பே அடுத்தவருக்கு அடிப்படையாகிறது.

சொரசொரப்பால் இழப்பு எவ்வளவு கூடும் என்பதை 1949இல் பெல் ஆய்வகத்தின் சாமுவேல் மார்கன் கணக்கிட்டார். அந்த முடிவுகளை ஒட்டி 1980இல் ஹாமர்ஸ்டாடும் யென்சனும் தந்த சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி 0.2 மைக்ரான் சராசரி வர்க்கமூல (rms) சொரசொரப்புள்ள பரப்பு, 10 கிகாஹெர்ட்ஸில் இழப்பை 8 விழுக்காடு கூட்டும். அதே பரப்பு 94 கிகாஹெர்ட்ஸில் 56 விழுக்காடு கூட்டும். சொரசொரப்பு 0.1 மைக்ரானாக இருந்தால் 19 விழுக்காடு, 0.4 மைக்ரானாக இருந்தால் 87 விழுக்காடு. சுருள் குழாய்க் காலத்தில் புறக்கணிக்கத்தக்கதாக இருந்த ஒன்று இங்கே முதன்மைக் காரணியாகிவிடுகிறது. மெருகூட்டப்பட்ட செப்பில் கற்றையின்றி 10 டெசிபெல் இழப்புள்ள கட்டமைப்பு, 0.2 மைக்ரான் சொரசொரப்பில் 15.6 டெசிபெல் இழக்கும். பியர்ஸின் சிறு சமிக்ஞைக் கோட்பாட்டில் வளரும் அலை இந்த இழப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே சுமக்கிறது. அப்படியும் 1.9 டெசிபெல், அதாவது வெளியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், பறிபோகிறது.

சூத்திரத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. மார்கன் எடுத்துக்கொண்டது ஒரே திசையில் ஓடும் ஒழுங்கான வரிப்பள்ளங்களை. மில்லிங் கருவி விடும் தடங்களோ வளைவுக்கு வளைவு திசை மாறுகின்றன. சில இடங்களில் மின்னோட்டத்தின் திசையிலும் சில இடங்களில் அதற்குக் குறுக்காகவும் விழுகின்றன. பரப்பு எவ்வளவு கரடாக இருந்தாலும் இழப்பு இரட்டிப்புக்கு மேல் போகாது என்று அச்சூத்திரம் சொல்கிறது. மிகக் கரடான செப்புத் தகடுகளில் அளந்த இழப்பு அந்த எல்லையைத் தாண்டியதுண்டு. இதற்கும் மேலே பிரேசிங் சூளை இருக்கிறது. இரண்டு பாதிகளையும் இணைக்கச் செப்பைச் சூடேற்றி ஆற்றும்போது படிகத் துகள்கள் பெருத்துப் பரப்பே மாறுகிறது. குழாய் இயங்கும்போது 100 டிகிரி சூடேறினால், செப்பின் மின்தடை கூடுவதால் மட்டுமே இழப்பு 18 விழுக்காடு உயர்கிறது. கடைசியாகச் சொன்னது பாடநூலிலிருந்தே கணக்கிடத்தக்கது. மற்றவற்றுக்கு அந்தப் பட்டறையில், அந்தக் கருவியால் வெட்டி, அந்தச் சூளையில் இணைத்த துண்டை அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒவ்வொரு மடிப்பும் வேறு

முதற்படிக் கணிப்பு எல்லா மடிப்புகளும் ஒன்றே என்று கொள்கிறது என்றேன். உலோகத்தில் அப்படி இருப்பதில்லை. இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காண வேண்டும். எல்லா மடிப்புகளிலும் ஒரே பிழை இருந்தால் அது பெரிய கேடன்று. அகலப் பக்கம் 1.90க்குப் பதில் 1.91 மில்லிமீட்டராக வெட்டப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பாதை அலையை அனுமதிக்கத் தொடங்கும் அதிர்வெண் 78.9 கிகாஹெர்ட்ஸிலிருந்து 0.4 கிகாஹெர்ட்ஸ் இறங்கும். அலையின் வேகம் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறையும். கற்றையின் வோல்ட்டேஜை 170 வோல்ட் அளவுக்குத் தாழ்த்தினால் இணைவு மீண்டும் கிடைத்துவிடும். குழாய் செய்பவர்கள் இந்தத் திருத்தத்தை அன்றாடம் செய்கிறார்கள்.

ஆனால் பிழை மடிப்புக்கு மடிப்பு மாறினால் எந்த ஒற்றை வோல்ட்டேஜும் அதைத் தீர்க்காது. ஒழுங்கற்ற பிழை ஒவ்வொரு மடிப்பிலும் சிறு எதிரொலிப்பை உண்டாக்குகிறது. எதிரொலிப்புகள் கூடினால் பெருக்கத்தில் அலைவு தோன்றுகிறது. இன்னும் கூடினால் பெருக்கி தானே அதிர்வியாகிவிடுகிறது. ஒழுங்காக வளரும் பிழையின் கதை வேறு. மடிப்பு வேவ்கைடை அகலப் பக்கத்தின் நடுவே பிளந்து இரண்டு பாதிகளாக வெட்டுவது நல்ல முறை, ஏனெனில் அந்தப் பிளவைக் கடந்து மின்னோட்டம் பாய வேண்டியதில்லை. அப்போது ஒவ்வொரு பாதியிலும் வெட்டு ஆழம் 0.95 மில்லிமீட்டர், வெட்டும் கருவியின் விட்டம் கால் மில்லிமீட்டர் அளவே. வெட்ட வெட்டக் கருவியின் முனை தேய்கிறது. ஐந்து மைக்ரான் தேய்ந்தாலே அகலப் பக்கத்தில் பத்து மைக்ரான் குறைகிறது. மேலே கண்ட 0.4 விழுக்காடு வேக மாற்றம் இப்போது எதிர்த்திசையில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகப் போக ஏறுகிறது.

இதில் கவனிக்கத்தக்க ஒரு விளைவு உண்டு. கருவி தேயும்போது பள்ளம் ஆழம் குறைகிறது; அங்கே அலை வேகமாகச் செல்கிறது. குழாயின் வெளியீட்டு முனையிலோ எலக்ட்ரான்கள் ஆற்றலை இழந்து தளர்ந்திருக்கின்றன. அங்கே அலை மெதுவாகச் செல்வதே நன்று. வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே வெளியீட்டு முனையில் மடிப்புகளை மாற்றி அலையைத் தாமதப்படுத்துவதும் இதற்காகவே. ஆகவே உள்ளீட்டு முனையிலிருந்து வெட்டத் தொடங்கினால் தேய்மானம் குழாய்க்கு எதிராக வேலை செய்யும். வெளியீட்டு முனையிலிருந்து தொடங்கினால் துணையாக வேலை செய்யும். வரைபடத்தில் இரண்டும் ஒன்றே, கணினியிலும் ஒன்றே. எந்த முனையிலிருந்து கருவி இறங்கியது என்பது சி.என்.சி. நிரலை எழுதியவருக்கு மட்டுமே தெரியும். நடுவில் கருவியை அளந்து ஈடுசெய்யும் வசதி நல்ல இயந்திரங்களில் உண்டு. ஆனால் எத்தனை மடிப்புக்கு ஒருமுறை ஈடுசெய்தார்கள் என்பதும் அதே வகைத் தகவல்தான். அது கணிப்புக்குள் வரவேண்டிய தகவல்.

வட்டாரத்தில் இருப்பது

வெற்றிடக் குழாய் எதுவும் ஒரகடத்தில் உருவாவதில்லை. அதை மறைத்து வாதிடுவதில் பயனில்லை. பிரேசிங்குக்கான ஹைட்ரஜன் சூளை, எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு, மிகு வெற்றிடத்தில் நாள்கணக்கில் சூடேற்றிக் குழாயை மூடும் வசதி ஆகியவை பெங்களூரையும் பிலானியையும் சேர்ந்தவை. ஆனால் மெதுவலைக் கட்டமைப்பு என்ற ஒரு பாகத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது. டீசல் இன்ஜெக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் முனையில் உள்ள துளைகள் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் விட்டமுடையவை. மின்பொறி அரிப்பு முறையில், தொழிலாளர் வழக்கில் ஈ.டி.எம்மில், துளைக்கப்படுபவை. ஊசிக்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி சில மைக்ரான். 220 கிகாஹெர்ட்ஸ் குழாயின் கற்றைத் துளையும் இதே விட்ட வரிசையில்தான் இருக்கிறது. இத்தகைய டீசல் கருவிகளைச் செய்யும் டெல்ஃபி–டி.வி.எஸ். ஆலை ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் இருக்கிறது. பெரிய ஆலைகளுக்கு அச்சும் டையும் செய்துதரும் சிறு டூல் ரூம்கள் இவ்வட்டாரத்திலும் திருமுடிவாக்கம், அம்பத்தூர் தொழிற்பேட்டைகளிலும் உள்ளன.

இந்த ஒப்பீட்டை எல்லை மீறி இழுக்கக் கூடாது. இன்ஜெக்டர் துளை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம். கற்றைத் துளை அதன் விட்டத்தைப் போல் நூறு மடங்குக்கு மேல் நீளம். அவ்வளவு நீளத்தை நேரடியாகத் துளைக்க முடியாது. பிளந்த பாதிகளில் அரைவட்டப் பள்ளமாக வெட்டிச் சேர்ப்பது ஒரு வழி. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் வேறொரு வழி கண்டது. ஒளியுணர் பிசினுக்குள் ஒரு நுண்ணிழையைப் பதித்து, சுற்றிலும் செப்பைப் படியவைத்து, பின்பு பிசினையும் இழையையும் நீக்கி, துளையை எஞ்சவிட்டார்கள். அப்படிச் செய்த 220 கிகாஹெர்ட்ஸ் பெருக்கி 60 வாட்டுக்கு மேல் தந்ததை 2014இல் வெளியிட்டார்கள். இந்த முறையின் உறவினமான எக்ஸ்-கதிர் செதுக்கலுக்கு இந்தூரின் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் ஒரு கதிர்வழி உண்டு. அது ஒரகடத்தின் வேலையன்று. 94 கிகாஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் மில்லிங்கும் ஈ.டி.எம்மும் எளிதாகப் பொருந்தும் எல்லை; என் வாதம் அந்த எல்லைக்கு உட்பட்டது.

அளவீட்டுப் பக்கமும் வெறுமையாக இல்லை. ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆய்வு மையத்தில் மின்காந்த ஒவ்வுமைச் சோதனைக்கூடம் இருக்கிறது. தரமணியில் சமீர் அமைப்பின் மின்காந்தவியல் மையம் இருக்கிறது. அதே தரமணியில், அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் (சி.எஸ்.ஐ.ஆர்.) வளாகத்தில், ஓடலைக் குழாய்களைச் செய்யும் சீரிக்கே ஒரு கிளை உண்டு. அக்கிளை ஈடுபட்டிருப்பதோ தானியங்கிக் கட்டுப்பாட்டிலும் கருவியியலிலும். வடிவமைக்கும் தாய் நிறுவனத்தின் கை ஒரகடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்தும், இந்த வேலைக்காக அது நீளவில்லை. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளின் நிலையும் இதுதான். சிமுலேஷன் மென்பொருள் அங்கே எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் எதிர்ச்சாலையில் உள்ள டூல் ரூமில் ஒரு செப்புத் துண்டை வெட்டிவாங்கி அளக்கும் ஏற்பாடு மாணவர் திட்டங்களின் பகுதியாக இல்லை. 2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னையையும் ஒரு முனையாகக் கொண்டது. அதன்கீழ் ஆளில்லா விமானச் சோதனைக்கூடத்துக்கு இவ்வட்டாரத்தின் வல்லம் வடகால் தேர்வானது. இத்தகைய திட்டங்கள் முடிந்த கருவியைச் சோதிப்பதை நோக்குகின்றன. நான் பேசுவது அதற்கு வெகுமுன்னால் வரும் படியை.

மறுப்புகள்

முதல் மறுப்பு வலுவானது: வெற்றிடக் குழாயின் காலமே முடிந்துவிட்டதே, குறைக்கடத்தி இருக்கும்போது இது எதற்கு? இவ்வட்டாரத்திலேயே சான்று காட்டலாம். ஓட்டுநருக்கு உதவும் கருவிகள் பொருத்திய கார்களில் 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் ராடார் இருக்கிறது. மில்லிமீட்டர் அலை ஏற்கெனவே வாகனத் தொழிலுக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சில்லுகள் ஒவ்வொன்றும் உமிழ்வது மில்லிவாட் அளவில்தான். சில நூறு மீட்டரில் உள்ள வாகனத்தைக் காண அது போதும். 94 கிகாஹெர்ட்ஸில் கேலியம் நைட்ரைடு சில்லு ஒன்று சில வாட் தருகிறது. பலவற்றை இணைத்துப் பத்துக்கணக்கில் ஏற்றலாம். விண்ணிலிருந்து மேகத்தின் உள்ளமைப்பைப் பார்க்க அது போதாது. 2006இல் ஏவப்பட்ட கிளவுட்சாட் செயற்கைக்கோளின் 94 கிகாஹெர்ட்ஸ் ராடார், ஒன்றரைக் கிலோவாட்டுக்கு மேல் உச்சத் துடிப்புத் தரும் வெற்றிடக் குழாயால் இயங்கியது. 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேரும் அவ்வகைக் குழாயையே சுமந்து சென்றது. பருவமழையை நம்பி வாழும் நாட்டுக்கு மேக ராடார் ஓர் அலங்காரப் பொருளன்று.

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கை பற்றியது. ஒரு செயற்கைக்கோளுக்கு ஒன்றிரண்டு குழாய்கள். லட்சக்கணக்கில் உற்பத்தி செய்து பழகிய வட்டாரம் இதில் ஏன் இறங்கும்? குழாய் ஆலை வேண்டும் என்று நான் சொன்னால்தான் இந்த மறுப்பு பொருந்தும். நான் கேட்பது கற்றையில்லாத கட்டமைப்புத் துண்டுகளை. மேலும் டூல் ரூம்களின் தொழிலே ஒன்றிரண்டு அச்சுகளைத் துல்லியமாகச் செய்வது. லட்சங்கள் அந்த அச்சிலிருந்து பிறகு வருபவை. சிறு எண்ணிக்கை அவர்களுக்குப் புதிதன்று.

மூன்றாவது மறுப்பைக் கணிப்பாளர்களே எழுப்புவார்கள். ஒழுங்கற்ற பிழைகளையும் கணினியில் ஆயிரம் விதமாகப் புகுத்திப் பார்த்துவிடலாமே? பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் பிழைகள் எந்தப் பரவலில் வருகின்றன, அடுத்தடுத்த மடிப்புகளின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புடையனவா என்பதை யாராவது சொல்ல வேண்டும். கருவித் தேய்மானத்தால் வருவது தொடர்புடைய பிழை. இயந்திர அதிர்வால் வருவது தொடர்பற்ற பிழை. இரண்டையும் ஒரே பரவலாகக் கற்பனை செய்து நடத்திய ஆயிரம் ஓட்டங்கள் ஆயிரம் முறை அதே கற்பனையைத்தான் சோதிக்கின்றன.

நான்காவது மறுப்பு: வெளிநாட்டு ஆய்வகங்களின் முடிவுகளில் சிமுலேஷனும் அளவீடும் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகின்றனவே. உண்மை. ஆனால் குழாய் ஆய்வகங்களின் நடைமுறை என்ன? முதலில் கற்றையின்றிக் கட்டமைப்பை மட்டும் அளக்கும் கோல்டு டெஸ்ட். அங்கே கிடைத்த இழப்பையும் வேகத்தையும் நிரலில் இட்டு மீண்டும் கணக்கிடுதல். அதன் பிறகே கற்றையை ஏற்றும் ஹாட் டெஸ்ட். கடைசி ஒப்பீட்டுப் படத்தில் காணும் நெருக்கம் பெருமளவு நடுப்படியின் விளைவு. அந்த நடுப்படியை விட்டுவிட்டு நெருக்கத்தை மட்டும் நிரலின் பெருமையாகக் கொள்வது பிழையான வாசிப்பு.

துண்டுகளும் ஒப்பந்தமும்

ஆகவே தொடக்கமாக வேண்டியது சிறியது. ஆக்சிஜன் நீக்கிய செப்பில் 94 கிகாஹெர்ட்ஸுக்கான இருபது மடிப்புகள் கொண்ட துண்டுகள். ஒரே வரைபடம், வெவ்வேறு டூல் ரூம்கள். ஒரு தொகுதி மில்லிங்கில், ஒரு தொகுதி ஈ.டி.எம்மில், சில துண்டுகள் உள்ளீட்டு முனையிலிருந்தும் சில வெளியீட்டு முனையிலிருந்தும் வெட்டப்பட்டவை. ஒவ்வொன்றின் சொரசொரப்பையும் ஒளிக்குறுக்கீட்டு முறையில் அளந்து, மடிப்புக்கு மடிப்பு அளவு எடுத்து, அலை செலுத்தி இழப்பையும் எதிரொலிப்பையும் பதிவுசெய்து, சிலவற்றைச் சூளையில் ஏற்றி இறக்கி மீண்டும் அளக்க வேண்டும். 94 கிகாஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தி அளக்கும் கருவி விலை உயர்ந்தது. எல்லாக் கல்லூரியும் வாங்க இயலாது, வாங்கவும் வேண்டாம். தரமணி போன்ற ஓரிடத்தில் இருந்து பலரும் பகிர்ந்தால் போதும். கிடைக்கும் தரவு எந்தக் குழாயின் வடிவத்தையும் வெளிப்படுத்தாது. வெட்டிய செப்பின் இயல்பை மட்டுமே சொல்லும். எனவே பாதுகாப்புத் துறையின் இரகசியத்தைக் காரணம் காட்டி அதைப் பூட்டிவைக்கத் தேவையில்லை. கல்லூரியில் சிமுலேஷன் செய்யும் மாணவர் அடுத்த முறை கடத்துதிறன் என்ற கட்டத்தில் இடும் எண், முன்னொரு கட்டுரையிலிருந்து எடுத்ததாக இல்லாமல், பெயர் தெரிந்த இயந்திரத்தில் வெட்டிய துண்டிலிருந்து வந்ததாக இருக்கும்.

இதில் எனக்குக் கடினமாகத் தோன்றுவது கருவிகளின் விலையைவிட வேலை கொடுக்கும் முறை. ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தில் டாலரன்ஸுக்குள் வந்த துண்டுக்கே பணம். தவறிய துண்டு கழிவுத் தொட்டிக்குப் போகிறது, எவ்வளவு தவறியது என்ற தகவலும் அதோடு போகிறது. தவறுகளின் பரவலே இங்கே தேடும் பொருள் என்பதால் அந்த ஒப்பந்தம் இங்கே உதவாது. எல்லாத் துண்டுகளுக்கும் விலை தர வேண்டும். எந்தக் கருவி, எத்தனையாவது வெட்டு, எப்போது ஈடுசெய்தது என்ற குறிப்பேட்டுக்குத் தனியாக விலை தர வேண்டும். அந்தக் குறிப்பை எழுதிய இயந்திர இயக்குநரின் பெயர், முடிவுகள் வெளியாகும் கட்டுரையில் ஆசிரியர் வரிசையில் இடம்பெற வேண்டும்.